ராயபுரத்தில் ஒரு மர ஹார்ன்: அளவு, செலவு, கிராஸ்ஓவர்

நாங்கள் செய்த ஸ்பீக்கரில், மர ஹார்னின் ப்ளஸ், மைனஸ் முனைகளை வேண்டுமென்றே தப்பாக இணைத்து ஸ்வீப் (தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டினால் 1400 ஹெர்ட்ஸில் இப்போது 27 டெசிபல் பள்ளம் விழுகிறது. சரியாக இணைத்தால் அதே இடத்தில் கோடு நேராகப் போகிறது. தாழ்ந்த ஒலிக்கான வூஃபரும் உயர்ந்த ஒலிக்கான ஹார்னும் கிராஸ்ஓவர் புள்ளியில், அதாவது ஒன்று மற்றதற்குக் கை மாற்றும் இடத்தில், ஒத்துப் பேசுகின்றன என்பதற்கு இந்தத் தலைகீழ்ப் பள்ளத்தை விட நல்ல சாட்சி கிடையாது. இதே பெட்டி, இதே ஹார்ன், இதே கண்டென்சர்களோடு ஆரம்பத்தில் எந்தப் பக்கம் இணைத்தாலும் பள்ளம்தான் வந்தது. பாகம் எதையும் மாற்றவில்லை. ஹார்னை ஐந்தரை சென்டிமீட்டர் முன்னே தள்ளியதும் படிந்துவிட்டது.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், 10க்கு 12 அடி அறைக்காகச் செய்த ஸ்பீக்கர் ஜோடி இது. கீழே 12 அங்குல வூஃபர், மேலே 1 அங்குல கம்ப்ரஷன் டிரைவர் (ஹார்னுக்குள் ஒலியை ஊதும் பாகம்) பூட்டிய மர ஹார்ன், நடுவில் பாஸிவ் கிராஸ்ஓவர், அதாவது காயில், கண்டென்சர், ரெசிஸ்டர் கொண்டு ஒலியை இரண்டாகப் பிரிக்கும் சுற்று. 15 அங்குலம் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு அறையின் அளவு மட்டும் காரணமில்லை. 12 அங்குல வூஃபர் 1400 ஹெர்ட்ஸ் வாக்கில் ஏறத்தாழ 85 டிகிரி அகலத்துக்கு ஒலியை வீசும். 28 செ.மீ. வாயுள்ள வட்ட ஹார்னும் அந்த இடத்தில் கிட்டத்தட்ட அதே அகலம்தான். கை மாறும் புள்ளியில் இரண்டின் அகலமும் ஒத்துப்போனால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரலின் நிறம் மாறாது. சின்ன அறையில் இது முக்கியம். எல்லோரும் நடுவில் உட்கார முடியாது.

பெட்டி

இதில் புதிதாக ஒன்றுமில்லை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வூஃபரை அளந்து கிடைத்த எண்கள்: ரெசனன்ஸ் (கோன் தானாக அதிரும் புள்ளி) 48 ஹெர்ட்ஸ், க்யூ (அந்த அதிர்வு அடங்கும் அளவு) 0.34, வாஸ் (கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) 70 லிட்டர், டி.சி. ரெசிஸ்டன்ஸ் 5.6 ஓம். இதற்கு 55 லிட்டர் பெட்டி, 50 ஹெர்ட்ஸ் டியூனிங். உள்ளளவு அகலம் 36, ஆழம் 32, உயரம் 50 செ.மீ. என்றால் 57.6 லிட்டர். வூஃபரின் காந்தம், போர்ட் (காற்றுக் குழாய்), குறுக்குக் கட்டை எல்லாம் எடுத்துக்கொள்வது போக 55 நிற்கும். போர்ட்டுக்கு வீட்டுக் கழிவுக்குழாய் வேலைக்கு வரும் 110 மி.மீ. பி.வி.சி. பைப் ஒரு துண்டு. உள்விட்டம் 104 மி.மீ. இருந்தால் நீளம் 11 செ.மீ. முதலில் 13 செ.மீ. வெட்டிப் பொருத்தி, இம்பீடன்ஸ் (ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் வூஃபர் காட்டும் மின்தடை) வரைபடத்தில் இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் 50-க்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறைப்பது நல்லது. நீளத்தைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது.

பலகை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எம்.டி.எஃப். போட்டால் ஒரு ஐப்பசி கார்த்திகையில் ஓரங்கள் உப்பி, திருகு பிடித்த இடம் மாவாகிவிடும். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரக ப்ளைவுட் போதும். ஐ.எஸ். 710 மரைன் ப்ளை இன்னும் நல்லது, விலையும் அப்படியே. 18 மி.மீ. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் இரண்டு பெட்டியும் குறுக்குக் கட்டைகளும் வந்துவிடும். திருகுகள் எஸ்.எஸ். 304. சாதாரண கறுப்புத் திருகு ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு தலை கழன்று வரும். உள்ளே மூன்று பக்கச் சுவரில் மெத்தைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு, ஒரு அங்குல கனம். இலவம்பஞ்சும் பருத்தியும் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும்.

ஹார்ன்

டிராக்ட்ரிக்ஸ் வடிவம் (வாயருகே வேகமாக விரியும் ஒரு வளைவு), கட்-ஆஃப், அதாவது ஹார்ன் வேலை செய்யும் கீழ் எல்லை, 400 ஹெர்ட்ஸ். வாயின் ஆரம் கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தை இரண்டு பை பெருக்கல் 400-ஆல் வகுக்க வேண்டும். புத்தகங்களில் 20 டிகிரிக்கு 343 மீட்டர் என்று போட்டிருக்கும். நம் ஊர் 30 டிகிரியில் 349 எடுத்துக்கொண்டால் ஆரம் 139 மி.மீ., அதாவது வாய் விட்டம் 27.8 செ.மீ. டிரைவர் உட்காரும் தொண்டையின் விட்டம் 25.4 மி.மீ. என்றால் நீளம் 29 செ.மீ. வருகிறது.

வாயிலிருந்து உள்ளே போகப் போக ஆரம் எப்படிக் குறைகிறது என்பதைக் கவனித்தால் வேலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று புரியும். வாயில் 139. 7 மி.மீ. உள்ளே போனால் 120. 22 மி.மீ. ஆழத்தில் 100, 54-இல் 75, 104-இல் 50, 197-இல் 25, 290-இல் 12.7. முதல் இரண்டு சென்டிமீட்டரில் சுவர் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கிறது, கடைசிப் பத்து சென்டிமீட்டரில் வெறும் கூம்பு போல நேராகிவிடுகிறது.

18 மி.மீ. பலகையில் வட்ட வளையங்கள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிகளைத் தேய்த்து வளைவாக்குவதுதான் முறை. வாய்ப்பக்க முதல் வளையத்தையும் 18-லேயே போட்டால், அந்த ஒரே பலகைக்குள் ஆரம் 139-லிருந்து 105-க்கு இறங்க வேண்டும். 34 மி.மீ. மரத்தை அரத்தால் தேய்த்து எடுப்பது வீண் உழைப்பு. அதற்குப் பதில் அந்த இடத்தில் மூன்று 6 மி.மீ. வளையங்கள்: 139-லிருந்து 122, 122-லிருந்து 112.5, 112.5-லிருந்து 105. அதற்குப் பின்னால் 18 மி.மீ. வளையம் 15. மொத்தம் 288 மி.மீ. மீதி 2 மி.மீ. தொண்டையில் போகிறது, அதனால் விட்டத்தில் வரும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் கீழ். கவலை வேண்டாம்.

ஒவ்வொரு வளையத்தின் உள்வட்டத்தையும் அதன் இரண்டு முகங்களில் சின்ன ஆரம் எதுவோ அந்த அளவுக்கே வெட்ட வேண்டும். அப்போதுதான் தேய்க்க மரம் மிச்சமிருக்கும். ஜிக்சாவின் அடித்தட்டைச் சாய்த்து வெட்டினால் தேய்ப்பு பாதியாகும். ஆனால் ப்ளேடு 18 மி.மீ. பலகையில் வளைந்து வெளிப்பக்கம் ஓடும், எனவே கோட்டிலிருந்து 1 மி.மீ. விட்டே வெட்டுவது நல்லது. வெளிவட்டம் வாயருகே 32 செ.மீ., பின்னால் போகப் போகக் குறைத்துக்கொள்ளலாம். சுவர் எங்கும் 20 மி.மீ.க்குக் குறையக்கூடாது. எல்லா வளையத்திலும் ஒரே இடத்தில் எதிரெதிராக இரண்டு 8 மி.மீ. துளை போட்டு அதில் மரக் குச்சி செருகி ஒட்டினால் பசை ஈரத்தில் வளையம் நழுவாது. மூன்று மூன்றாக ஒட்டி, மேலே மணல் மூட்டை. அவசரப்பட்டு ஒரே மூச்சில் பதினைந்தையும் ஒட்டினால் நடுவில் இருப்பவை காயாது. காற்றில் ஈரம் அதிகமுள்ள மாதத்தில் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

கடைசல் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். கட்டையைப் பார்த்ததுமே கடைசல்காரர் சொன்னது: "வாய்ப்பக்கம் கடைஞ்சு தரேன் சார். அந்த ஒரு இஞ்சு ஓட்டைக்குள்ள உளி எப்படிப் போகும்?" அவர் சொன்னது நியாயம். அதனால் ஹார்னை இரண்டு துண்டாகப் பிரித்தோம். மூன்று மெல்லிய வளையமும் பத்துப் பெரிய வளையமும் சேர்ந்த வாய்ப்பகுதி 198 மி.மீ. நீளம். அதன் பின்முனையில் துளை சரியாக 50 மி.மீ. விட்டம். உளி உள்ளே போய்த் திரும்ப அது போதும். மீதி ஐந்து வளையம் சேர்ந்த தொண்டைப்பகுதி 90 மி.மீ., 50-லிருந்து 26 மி.மீ.க்குக் குறுகுவது. இதைக் கையால்தான் செய்ய வேண்டும். அதே அளவில் ஒரு மரக் கூம்பு கடைந்து, அதன்மேல் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, உள்ளே விட்டுச் சுழற்றுவது. நேர்க் கூம்பாகவே விட்டுவிடக்கூடாது. நடுவில் வளைவின் ஆரம் 18 மி.மீ. இருக்க வேண்டும், நேர்க் கூம்பு என்றால் அங்கே 19 வந்துவிடும். அந்த 1 மி.மீ.க்காகத் தேய்க்கும் கூம்பின் இடுப்பைக் கொஞ்சம் ஒட்டலாகக் கடைந்து வாங்க வேண்டும்.

சரிபார்க்க: வளைவை முழு அளவில் அச்சடித்து, 3 மி.மீ. அக்ரிலிக்கில் ஒட்டி வெட்டிய மாதிரித் தகடு. அதை உள்ளே நிறுத்திச் சுற்றிலும் திருப்பி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம், எங்கே தகடு தட்டுகிறதோ அங்கே மேடு. வாயருகே அரை மில்லிமீட்டர் தப்பு காதுக்குத் தெரியாது. தொண்டையில் அதே அளவு படி இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடம் பல் பல்லாக வரும். டிரைவர் உட்காரும் இடத்தில் 6 மி.மீ. அலுமினியத் தகடு. வியாசர்பாடியில் லேத் பட்டறை ஒன்றில் 26 மி.மீ. நடுத்துளையும், 76 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 துளையும் போட்டு வாங்கியது. 1 அங்குல டிரைவர்களில் இது ஒரு வழக்கமான அளவு, 57 மி.மீ. வட்டத்தில் மூன்று துளை இன்னொன்று. கையில் இருக்கும் டிரைவரைப் பார்த்துவிட்டுத் துளை போடவும். நடுவே வைக்கும் கார்க் பேக்கிங் 1 மி.மீ. கூட உள்ளே நீட்டக்கூடாது. ஹார்னில் வளைவை அரும்பாடுபட்டு எடுத்துவிட்டு பேக்கிங்கில் கோட்டை விடுவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது.

பழைய கோயில் குழாய் யூனிட்டை இதில் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவை 1⅜ அங்குல மரை, அங்குலத்துக்கு 18 புரி உள்ளவை. மரைக்கு அடாப்டர் போட்டுவிடலாம். ஆனால் அவை பேச்சுக்காகச் செய்தவை. 5, 6 கிலோஹெர்ட்ஸோடு மூச்சு நின்றுவிடும். ஜால்ரா கேட்காது.

டிரைவர்

ஜோடி வாங்கியது பழையது. சவுண்ட் சர்வீஸ் ஒன்று கடையைக் கலைத்தபோது கிடைத்தது. ஒன்று சரியாக இருந்தது. மற்றது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 6 டெசிபல் குறைவு, குறைந்த ஒலியில் ஸ்வீப் ஓட்டினால் 900 வாக்கில் மெல்லிய கரகரப்பு. பின்மூடியைத் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. காந்த இடைவெளியின் ஓரத்தில் இரும்பின் மேல் இருந்த முலாம் உரிந்து, பழுப்பு நிறத் துரு பொடியாக நின்றிருந்தது. உப்புக் காற்று பட்ட டிரைவரில் இது சகஜம். அகலம் குறைத்து வெட்டிய மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் இரண்டு புறமும் வெளியே இருக்குமாறு மடித்து, இடைவெளிக்குள் விட்டு வட்டமாக இழுத்தால் பொடி ஒட்டிக்கொண்டு வரும். டேப் சுத்தமாக வரும்வரை செய்ய வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடிக்கவே கூடாது. இரும்புத் தூள் காந்தத்தை விட்டு எங்கும் போகாது, இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

புது டயஃப்ரம் (டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடு) போடும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, 2 வோல்ட்டுக்குக் கீழே 500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் ஓட்டிக்கொண்டே முடிக்க வேண்டும். கரகரப்பு கேட்டால் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, மறுபடி. இரண்டு டிரைவரின் இம்பீடன்ஸ் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை இதை விடக்கூடாது. ஜோடி ஒத்துவராமல் கிராஸ்ஓவரில் கை வைப்பது வீண்.

சோதனை நேரம் முழுக்க டிரைவருக்கு முன்னால் 20 மைக்ரோஃபாரடுக்கு மேற்பட்ட கண்டென்சர் ஒன்று தொடரில் இருக்கட்டும். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ஒரு தட்டு போதும், டயஃப்ரம் போய்விடும்.

காயிலும் கண்டென்சரும்

ஆடியோவுக்கென்று விற்கும் ஃபிலிம் கண்டென்சர்களை ரிச்சி தெருவில் விலை கேட்டுவிட்டு, எலெக்ட்ரிகல் கடைக்குத் திரும்பி வருவதே புத்திசாலித்தனம். ஃபேன் கண்டென்சரும் மோட்டார் ரன் கண்டென்சரும் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம்தான், 440 வோல்ட் ஏ.சி. தாங்குவது. கிராஸ்ஓவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? 2.5, 3.15, 4 மைக்ரோஃபாரட் ஃபேனுக்கு வருபவை. 10, 15, 25, 36 எல்லாம் பம்பு மோட்டாருக்கு. ஸ்டார்ட் கண்டென்சர் மட்டும் வேண்டாம், அது எலெக்ட்ரோலைட்டிக். எழுதியிருக்கும் மதிப்பை நம்பாமல் எல்.சி.ஆர். மீட்டரில் பார்த்து இரண்டு பக்கத்துக்கும் ஜோடி சேர்ப்பது அவசியம். 4 என்று எழுதியதில் 3.85-ம் வரும், 4.1-ம் வரும்.

வூஃபர் பக்கம்: தொடரில் 1.5 மில்லிஹென்றி காயில், குறுக்கே 15 மைக்ரோஃபாரட். வூஃபரின் முனையிலேயே ஜோபெல், 6.8 ஓமும் 15 மைக்ரோஃபாரடும் தொடராக. ஜோபெல் இல்லாவிட்டால் வூஃபரின் இம்பீடன்ஸ் மேலே ஏறிக்கொண்டே போய் 1 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு புடைப்பு நிற்கும்.

ஹார்ன் பக்கம்: ஆம்பிலிருந்து முதலில் 8 மைக்ரோஃபாரட் (நாலும் நாலும்), பிறகு குறுக்கே 0.6 மில்லிஹென்றி, பிறகு தொடரில் 27.5 (25-ம் இரண்டரையும்), கடைசியில் எல்-பேட் (ஒலியளவைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்). அதே சக்திக்கு டிரைவர் 107 டெசிபல், வூஃபர் 96. குறைக்க வேண்டியது 11. 8 ஓமுக்குக் கணக்குப் போட்டால் தொடரில் 5.75, குறுக்கே 3.14 வரும். கடையில் கிடைப்பது 5.6-ம் 3.3-ம். 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். 5.6 ஓமின் மேலேயே 2.5 மைக்ரோஃபாரட் ஒன்று இணைத்தால் 10 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபலும் 15-இல் ஏறத்தாழ 4 டெசிபலும் கூடும். கம்ப்ரஷன் டிரைவர் மேலே போகப் போகத் தளர்வதை இது ஓரளவு ஈடுகட்டுகிறது.

இந்த மதிப்புகள் இந்த வூஃபருக்கும் இந்த டிரைவருக்கும் மட்டுமே. வேறு ஜோடிக்கு இவற்றை அப்படியே போட்டால் வேலை செய்யாது.

காயில் கையால் சுற்றியது. 40 மி.மீ. பி.வி.சி. பைப்பை 25 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, இரண்டு பக்கமும் ப்ளைவுட் தட்டு. கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள். 1.5 மில்லிஹென்றிக்கு 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, ஏறத்தாழ 187 சுற்று, 31 மீட்டர், 330 கிராம், ரெசிஸ்டன்ஸ் 0.46 ஓம். 0.6 மில்லிஹென்றிக்கு 20 கேஜ், 125 சுற்று, நூறு கிராம் சொச்சம். எப்போதும் ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்துக் குறைக்க வேண்டும். வூஃபர் காயிலை 20 கேஜில் சுற்றி மிச்சம் பிடிக்க நினைத்தால் ரெசிஸ்டன்ஸ் ஓமை நெருங்கி, பாஸ் தொளதொளப்பாகும். காயிலை நடுவில் இரும்பு போல்ட் போட்டு இறுக்கவும் கூடாது. மதிப்பு ஏறும், டிஸ்டார்ஷனும் வரும். பித்தளை போல்ட் அல்லது நைலான் டை. இரண்டு காயிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக, 15 செ.மீ. தள்ளி. டியூனிங் முடியும்வரை எல்லாம் பெட்டிக்கு வெளியே ஒரு பலகையில், ஸ்க்ரூ டெர்மினலில். சாலிடர் கடைசியில்தான்.

மொட்டை மாடி

10க்கு 12 அறைக்குள் அளந்தால் சுவர்தான் அளவாகும். மொட்டை மாடியில் மேஜை போட்டு, ஹார்னின் நடு 1.5 மீட்டர் உயரத்தில் வருமாறு நிறுத்தி, 1 மீட்டரில் மைக் வைத்தால் தரையிலிருந்து திரும்பும் ஒலி 6 மில்லிசெகண்ட் கழித்துத்தான் வரும். அதற்குள் வெட்டிக்கொண்டால் 160 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பலாம். கிராஸ்ஓவருக்கு அது தாராளம். கடற்காற்று எழுந்த பிறகு அளந்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒவ்வொரு ஸ்வீப்பும் வேறு மாதிரி வரும். விடியற்காலைதான் நேரம். ஆறு மணிக்கு முன் ஸ்பீக்கர் கூடாது என்பது சட்டம், அக்கம்பக்கத்தின் தூக்கமும் இருக்கிறது. ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் துறைமுகம் போகும் லாரிகளின் உறுமலைச் சமாளிக்க நீளமான ஸ்வீப் போட்டு, நாலைந்தை எடுத்து எது சுத்தமோ அதை வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் ஆர்.இ.டபிள்யூ. (ரூம் ஈ.க்யூ. விசார்ட்), மைக் அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யு.எஸ்.பி. வகை. யு.எஸ்.பி. மைக்கில் நேரக் குறிப்பு தானாக வராது. அதனால் அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸை ஆன் செய்து, இன்னொரு சேனலில் ஒரு சின்ன ஸ்பீக்கரை அசையாமல் வைக்க வேண்டும். இது இல்லாமல் எடுத்த வூஃபர் வரைபடமும் ஹார்ன் வரைபடமும் தனித்தனியே அழகாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட மட்டும் உதவாது.

இடம்

முதல் ஏற்பாட்டில் ஹார்னின் வாய் பெட்டியின் முகத்தோடு சமமாக நின்றது. பார்க்க அழகு. வூஃபர் தனியாக, ஹார்ன் தனியாக அளந்தால் இரண்டும் 1400-இல் சரியாக 6 டெசிபல் கீழே ஒன்றையொன்று வெட்டின. சேர்த்து ஓட்டினால் 4 டெசிபல் பள்ளம். முனையை மாற்றினால் 2 டெசிபலுக்குச் சற்று மேல் பள்ளம். இந்த இடத்தில்தான் பலர் கண்டென்சரை மாற்ற ஆரம்பிப்பார்கள். 8-ஐ 10 ஆக்குவது, காயிலில் பத்துச் சுற்று அவிழ்ப்பது என்று ஒரு வாரம் ஓடும். பள்ளம் இடம் மாறும், போகாது.

இரண்டு முனையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பள்ளம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு ஒலியும் ஒன்றுக்கொன்று கால் அல்லது முக்கால் அலை அளவில் விலகி நிற்கின்றன. ஹார்னின் டயஃப்ரம் 29 செ.மீ. குழாய்க்குப் பின்னால் இருக்கிறது, வூஃபரின் கோன் முகத்துக்கு அருகிலேயே. அளந்ததில் ஹார்ன் 0.52 மில்லிசெகண்ட் பின்தங்கியிருந்தது, அதாவது 18 செ.மீ. 1400 ஹெர்ட்ஸின் அலைநீளம் 24.9 செ.மீ. அப்படியானால் ஹார்ன் முக்கால் அலை தாமதம். கண்டென்சரால் இதைத் திருத்த முடியாது.

நகர்த்துவதற்கு மூன்று இடங்கள் உண்டு. 18 செ.மீ. முன்னே தள்ளினால் தாமதமே இல்லை, முனை நேர். 5.5 செ.மீ. முன்னே தள்ளினால் சரியாக அரை அலை தாமதம், முனையை மாற்றி இணைத்தால் கூடிவிடும். 7 செ.மீ. பின்னே இழுத்தால் ஒரு முழு அலை தாமதம், முனை நேர். மூன்றாவது, பெட்டிக்கு மேலே ஹார்ன் அடக்கமாக உட்காருவதால் ஆசை காட்டும். 1400-இல் கச்சிதமாகவும் இருக்கும். ஆனால் 1000-க்கும் 2000-க்கும் பக்கத்தில் இரண்டு புறமும் 2 டெசிபல் பள்ளம் விழும், குரல் குழிந்து கேட்கும். அரை அலை இடத்தில் அதே புள்ளிகளில் குறைவது அரை டெசிபல் சொச்சம்தான்.

18 செ.மீ. தான் சுத்தமான விடை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஹார்ன் வூஃபருக்கு மேலே கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கும். வாயின் அடிப்பக்கத்தில் வூஃபரின் ஒலி பட்டுத் திரும்பி 900 வாக்கில் 1 டெசிபல் நெளிவு வருகிறது. கம்பளி ஃபெல்ட் ஒட்டினால் பாதி குறையும். நடமாட இடமில்லாத அறையில் நாலு பேர் இடித்துக்கொள்வது தனி. அரை டெசிபலுக்காக அவ்வளவு தேவையில்லை என்று 5.5-ஐ எடுத்துக்கொண்டோம்.

கணக்கு இடத்தைக் காட்டும், இறுதி இடத்தைப் பள்ளம்தான் காட்டும். பெட்டியின் மேல் இரண்டு ரீப்பர் கட்டை ஒட்டி, அதன்மேல் ஹார்ன் தொட்டில் வழுக்கும்படி செய்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் ஒட்டினோம். முனையைத் தப்பாக, அதாவது இந்த அரை அலை இடத்தில் மாற்றாமல் நேராகவே, இணைத்து, ஹார்னை அரை அரை சென்டிமீட்டராக நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஸ்வீப். 4.5-இல் பள்ளம் 15 டெசிபல், சற்று மேலே சாய்ந்து. 5-இல் 20. 5.5-இல் 27, இரண்டு கரையும் ஒரே சரிவு. 6-இல் மறுபடி 19. இங்கேதான் மைக்கின் இடம் கெடுக்கும். ஹார்னின் நேரே 1 மீட்டரில் மைக் வைத்தால், 35 செ.மீ. கீழே இருக்கும் வூஃபரின் ஒலி 6 செ.மீ. கூடுதலாக நடந்து வருகிறது. தேடுகிற அளவே ஐந்தரைதான். அந்த அளவில் பூட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தால் எல்லாம் தவறியிருக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மைக் கேட்கும் தூரத்தில், கேட்கும் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே 2.5 மீட்டர், தரையிலிருந்து 1 மீட்டர். அந்த உயரத்துக்குப் பெட்டியின் கீழே 30 செ.மீ. ஸ்டாண்ட்.

எழுந்து நின்றால் காது அரை மீட்டருக்கு மேல் உயர்ந்து, 1400-இல் 4, 5 டெசிபல் பள்ளம் கிடைக்கும். வூஃபரும் ஹார்னும் அலைநீளத்தை விடத் தள்ளியிருக்கும் எந்தப் பெட்டியிலும் இது தவிர்க்க முடியாதது. உட்கார்ந்து கேட்பவர்களுக்கான பெட்டி இது.

அறைக்குள்

மாடியில் நேராக இருந்த கோடு அறைக்குள் உச்சியில் கூர்மையாகக் கேட்டது. சிவப்பு ஆக்ஸைடு தரை, வெறும் சுவர். எல்-பேடின் குறுக்கு ரெசிஸ்டரை 3.3-லிருந்து 2.7 ஓமாக்கியதில் ஹார்ன் ஏறத்தாழ ஒரு டெசிபல் இறங்கியது. தொடர் 5.6-ஐ 6.2 ஆக்கியதும் டிரைவரும் எல்-பேடும் சேர்ந்த சுமை 8 ஓம் பக்கத்திலேயே நின்றது. குறுக்கை மட்டும் மாற்றினால் சுமை குறைந்து ஹைபாஸின் (ஹார்ன் பக்க வடிப்பானின்) புள்ளியும் மேலே நகர்ந்துவிடும்.

கேட்டுப் பார்க்க நாதஸ்வரத்தை மிஞ்சிய சோதனை இல்லை. அதன் பலமெல்லாம் 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 வரை, சரியாக வூஃபர் ஹார்னுக்குக் கை மாற்றும் இடம். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது ஓசை வூஃபரிலிருந்து மேலே தாவுவதாகத் தோன்றினால் இன்னும் வேலை பாக்கி. அடுத்தது கானா. சட்டியின் தட்டலில் நுனியும் வயிறும் சேர்ந்து ஒரே அடியாக விழ வேண்டும். ஹார்ன் முழு அலை பின்தங்கிய இடத்தில் வைத்துக் கேட்டபோது நுனி ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கமாகக் கேட்டது.

செலவு ஜோடிக்கு, ரூபாயில்: 18 மி.மீ. ப்ளை ஒன்றரை ஷீட்டும் 6 மி.மீ. துண்டும் 5,500. வூஃபர் 9,500. பழைய டிரைவர் ஜோடி 5,000, டயஃப்ரம் 900. கடைசல் 1,800, லேத் 700. செம்புக் கம்பி 1,150. கண்டென்சர் எல்லாம் சேர்த்து 1,200, ரெசிஸ்டர் 200. பசை, திருகு, டெர்மினல், வார்னிஷ் 1,800. கூட்டினால் 28,000-க்குச் சற்றுக் கீழ். மைக்கும் ஆம்பும் இதில் இல்லை. 96 டெசிபல் பெட்டிக்கு 20 வாட் ஆம்ப் இந்த அறையில் தேவைக்கு அதிகம்.

மறுபடி செய்தால் ஹார்ன் வாயின் விளிம்பை இப்படித் தட்டையாக நிறுத்தாமல் 20 மி.மீ. ஆரத்தில் பின்னுக்கு உருட்டிவிடுவோம். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் இருக்கும் ஒரு சின்ன நெளிவு அங்கிருந்துதான் வருகிறது என்று சந்தேகம். டெர்மினலில் முலாம் பூசிய லக் போடுவோம், வெறும் பித்தளை இரண்டு மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. கட்-ஆஃபை 320 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, 1100-இல் வெட்டிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. அதற்கு வாய் 34.7 செ.மீ., நீளம் 40 செ.மீ., 22 வளையம். தாமதம் 29 செ.மீ. ஆகிவிடும். அரை அலைக் கணக்கில்கூட ஹார்ன் 13 செ.மீ. முன்னே நீட்டும். அந்த அளவுக்குப் போனால் பாஸிவை விட்டுவிட்டு, டிலே (செயற்கைத் தாமதம்) போட வசதியுள்ள டி.எஸ்.பி. (டிஜிட்டல் ஒலிச் செயலி) போர்டும் சேனலுக்கு இரண்டு ஆம்பும்தான் வழி. காயில் சுற்றும் வேலை மிச்சம், ஆம்ப் செலவு இரட்டிப்பு.